பூட்டிய வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

விருதுநகர் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: பூட்டியிருந்த வீட்டின் பூட்டை உடைத்து, பீரோவில் இருந்த நகையும் பணமும் திருட்டு. ஊர்ப் பெயரும் பவுன் கணக்கும்தான் மாறும். இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வீட்டில் ஆள் இல்லை, பூட்டு உடைந்தது, நகை பீரோவில் இருந்தது. படிக்கிறவர் கண் நடுவில் உள்ளதில்தான் போய் நிற்கிறது. மறுநாள் கடைக்குப் போய் இன்னும் கனமான பூட்டாகக் கேட்கிறார். வசதியுள்ளவர் கேமரா மாட்டுகிறார். மற்ற இரண்டையும் மாற்ற முடியாதவை என்று ஒதுக்கிவிடுகிறார். வேலைக்குப் போகாமல் முடியாது, நகை இல்லாமலும் முடியாது என்பது அவர் வாதம். சாத்தூர் போன்ற ஊரில் வீட்டுப் பாதுகாப்பு பற்றிய பேச்சு தடம் மாறுவது இந்த இடத்தில்தான். பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. அந்தத் தாமதத்துக்குப் பயன் வர வேண்டுமானால் அதைப் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆலைக்கும் காட்டுக்கும் கோயிலுக்கும் போய்விட்ட குடும்பத்துக்காக அந்த ஆளாக யார் இருப்பது என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

பூட்டுக்குரிய மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. மண்சுவர் வீடுகளின் காலத்தில் திருடன் கதவைத் தேடி வரவில்லை. கன்னக்கோலால் சுவரைத் துளைத்து உள்ளே போனான். செங்கல்லும் சிமெண்டும் வந்தபின் சுவர் அவனுக்கு வசப்படவில்லை, கதவுதான் எஞ்சியது. நம் கதவுகளில் வலுவற்ற உறுப்பு பெரும்பாலும் பூட்டு அல்ல, அதைத் தாங்கும் கொண்டியும் நாதாங்கியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டே தொங்கினாலும், கொண்டி நான்கு சின்ன ஸ்க்ரூக்களில் நிற்குமானால், கடப்பாரை நுனியை வைத்து நெம்பினால் போதும்; பூட்டு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். கதவின் மறுபுறம் வரை ஊடுருவி நட்டு போட்டு முடுக்கிய போல்ட் இதற்கு மாற்று, செலவும் சொற்பம். முன்கதவுக்குத் தேக்கும் பித்தளைக் குமிழும் வைத்தவர்கள், கொல்லைக் கதவுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் தகரமும் ஒற்றைத் தாழ்ப்பாளும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கொல்லையில் ஏணியும் கடப்பாரையும் கிடந்தால், வருகிறவன் கருவிகூடக் கொண்டுவர வேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய பிழை, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவில் போகிற எவருக்கும் அறிவித்துவிடுவது. கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு அப்படி அறிவிப்பதில்லை. உள்ளிருந்து தாழிட்ட கதவும் வெளியிலிருந்து பூட்டிய கதவும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். சேர்ந்து கிடக்கும் நாளிதழ்கள், தண்ணீர் தெளிக்காத வாசல், பட்டப்பகலில் எரியும் விளக்கு எல்லாம் தொங்குபூட்டு சொல்வதையே சொல்கின்றன. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால், எல்லாக் கதவிலும் பதிபூட்டு வையுங்கள் என்பதுதான். ஆனாலும் பூட்டின் எல்லை அதோடு முடிந்தது. யாரும் வராத தெருவில் அரை மணி நேரம் கிடைத்தால் எந்தப் பூட்டும் தாங்காது.

அந்த யாரும் வராத தெரு எப்படி உண்டாயிற்று? லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1979இல் எழுதிய கட்டுரை இதற்கு வெளிச்சம் தருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானமும் கல்வியும் கூடின, திருட்டும் கூடியது. வறுமை குறைந்தால் திருட்டு குறையும் என்று நம்பியவர்களுக்கு இது புதிராக இருந்தது. திருட நினைப்பவன், எடுத்துப்போகத் தக்க பொருள், காவலற்ற நிலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் குற்றம் நடக்கும் என்று அவர்கள் விளக்கினார்கள். பெண்களும் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. வீட்டுக்குள்ளோ எளிதில் தூக்கிச்செல்லக்கூடிய விலையுயர்ந்த பொருள்கள் பெருகின. திருடர்கள் திடீரெனப் பெருகாமலே திருட்டு பெருக இதுவே போதுமாக இருந்தது.

அமெரிக்காவுக்குச் சொன்னது சாத்தூர் வட்டாரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு தீப்பெட்டித் தொழிலின் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. பெட்டி ஒட்டுவதும் குச்சி அடுக்குவதும் தெருவைப் பார்த்து உட்கார்ந்து செய்யும் வேலைகள். அந்த வேலையில் பிள்ளைகளின் படிப்பு பலியானது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் ஆசைப்படக் கூடாது. ஆனால் அந்தத் திண்ணை, யாரும் திட்டமிடாமலே, தெருவுக்குக் காவலாக இருந்தது. இன்று தீப்பெட்டி வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது. பெண்கள் காலையிலேயே வேனிலும் பஸ்ஸிலும் ஏறிப் பட்டாசு ஆலைகளுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மிச்சமிருக்கும் முதியவர்களும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டால், கரிசல் கிராமத்துத் தெரு பகல் முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும். பெண்கள் கையில் சொந்தக் கூலி வந்தது நல்ல மாற்றம். அதோடு தெரு இழந்த காவலுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் நாம் செய்யவில்லை என்பதுதான் குறை.

பகலைத் தவிர, காலண்டரில் குறித்துவைத்த வெறுமையும் உண்டு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயில், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயில் என்று குடும்பம் மொத்தமும் கிளம்பும் நாள்கள் ஊரறிந்தவை. ஒரே வகையறா குடியிருக்கும் தெருவென்றால் தெருவே காலியாகும். நோட்டம் பார்க்க வேண்டிய சிரமம்கூடத் திருடனுக்கு இல்லை. போதாததற்கு, கோயிலில் எடுத்த படத்தை அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கம் வேறு.

நான்குவழிச் சாலையும் புறவழியும் வந்தபின் இன்னொரு வகை வீடு தோன்றியிருக்கிறது. ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடத்தில், பத்து மனைக்கு ஒரு வீடு, சுற்றிலும் சீமைக்கருவேலம். இங்கே வாழ்கிறவர்கள் பாதுகாப்புக்காகத் தலைக்கு மேல் உயரும் காம்பவுண்டு சுவர் கட்டுகிறார்கள். சுவரேறிக் குதிக்கும் வரைதான் அது தடை. குதித்தபின் திருடனை அது தெருவின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. இடுப்பளவு சுவரும் அதன்மேல் கம்பியும் இதைவிட நல்லது. நெடுஞ்சாலையோரத் தனி வீடுகளின் ஆபத்தைத் தமிழ்நாடு மிகக் கொடுமையாகக் கண்டது, 1995 முதல் பத்தாண்டு காலம் வடமாநிலக் கொள்ளைக் கும்பலொன்று நடத்திய தாக்குதல்களில். கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் 2005 ஜனவரியில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டதும், காவல்துறை அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை அந்தக் கும்பலைத் தேடிப் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அது சாதாரணக் கன்னக்களவு அல்ல, வீட்டில் ஆளிருக்கும்போதே நடந்த கொள்ளை. அக்கம்பக்கம் இல்லாத வீட்டில், உள்ளே ஆளிருப்பது மட்டும் காவலாகிவிடாது என்பதை அது காட்டியது.

காவலைச் சேர்ந்து செய்வது சாத்தூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் வேரூன்றிய ராமநாதபுரத்து ஆறு நகரங்கள் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. வழிப்பறிக்கு அஞ்சிய வணிகர்கள், வண்டியும் சரக்கும் தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். அதன் செலவுக்கு ஒவ்வொரு வணிகரும் தம் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார். காவலுக்குச் சேர்ந்த அந்தப் பொதுப்பணம்தான் பிறகு உறவின்முறைகளின் வழியே கிணறாகவும் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகம் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தனித்தனியாக ஆளுக்கொரு காவல்காரன் வைக்க முடியாதவர்கள் சேர்ந்து ஒரு மதிலைக் கட்ட முடிந்தது.

இந்த வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்தால் வாதம் நேர்மையாக இராது. பேட்டை தன் சாதியாரை மட்டுமே காத்தது. தென்மாவட்டக் கிராமங்களில் வழங்கிய காவல் முறையோ வேறு வகை. ஒரு பிரிவினர் ஊருக்குக் காவல் ஏற்று அதற்குக் கூலி பெற்றார்கள். களவுபோன மாட்டை மீட்டுத்தரத் துப்புக்கூலி வாங்கினார்கள். காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போகும் என்ற நிலை வந்தபோது, 1896 வாக்கில் மதுரை வட்டாரத்து விவசாயிகள் அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். ஆங்கில அரசு கண்ட தீர்வு இன்னும் கொடிது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911 முதல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டி, பிறப்பையே குற்றமாக்கியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1947இல்தான் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. காவலை ஒரு கூட்டத்தார் கையில் கொடுத்தால் அது மிரட்டலாகும், ஒரு கூட்டத்தாரையே சந்தேகித்தால் அது அநீதியாகும் என்று இந்த நூறாண்டு காட்டுகிறது. எஞ்சுவது, சமமான அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் காவல்.

இது வெறும் நல்லெண்ணம் என்று ஒதுக்குவோருக்கு இங்கிலாந்தின் கிர்க்ஹோல்ட் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ராச்டேல் நகரை ஒட்டிய அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் 1980களின் நடுவில் வீடுபுகு திருட்டு மிக அதிகம். ஆய்வாளர்கள் திருடர்களோடும் பறிகொடுத்தவர்களோடும் பேசிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, பல வீடுகளில் காசு போட்டு இயக்கும் மின்சார, எரிவாயு மீட்டர்கள் இருந்தன. அவற்றில் சேர்ந்த காசே திருடனுக்கு இலக்கு. மற்றொன்று, ஒருமுறை திருட்டுப்போன வீடே மறுபடியும் திருட்டுப்போனது. ஆகவே காசு மீட்டர்களை அகற்றினார்கள். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் சேர்த்து, அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். ஊர் முழுக்கச் சங்கம் அமைக்கவில்லை. மூன்றாண்டுகளில் அங்கே வீடுபுகு திருட்டு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. பல நாடுகளின் அண்டை வீட்டார் கண்காணிப்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த பென்னட், ஹாலோவே, ஃபாரிங்டன் ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு, குற்றம் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததாகச் சொல்கிறது. எல்லா இடத்திலும் கிர்க்ஹோல்ட் நிகழாது; ஆனால் பலன் உண்மை.

கிர்க்ஹோல்டின் காசு மீட்டருக்கு நிகராக நம் வீட்டில் இருப்பது பீரோ. தீபாவளி போனஸ் வந்ததும் அரைப் பவுனாவது வாங்குவது இந்த வட்டாரத்து உழைக்கும் குடும்பத்தின் சேமிப்பு முறை. மகள் கல்யாணமும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்தத் தங்கத்தை நம்பித்தான் இருக்கின்றன. அதை வாங்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை, நியாயமும் இல்லை. ஆனால் பீரோ சாவி பீரோவின் தலையிலோ சேலை அடுக்கிலோ, வீட்டுச் சாவி மீட்டர் பெட்டியிலோ பூந்தொட்டிக்கு அடியிலோ இருப்பதைத் திருடன் நன்றாக அறிவான். பத்தாண்டு உழைப்பு அந்தச் சாவியின் தயவில் கிடக்கிறது. வங்கி லாக்கர் பணக்காரர் சமாச்சாரம் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது: எல்லாக் கிளையிலும் லாக்கர் கிடைப்பதில்லை, வாடகையும் வைப்புத்தொகையும் உறுத்தும். ஆனால் லாக்கரைக் கூட்டாக எடுக்க விதி இடம் தருகிறது. அக்காளும் தங்கையும் சேர்ந்து ஒன்று எடுத்தால் சுமை பாதி. லாக்கரில் போனால் வங்கி கைவிரிக்கும் என்ற பழைய பயத்துக்கும் ஓரளவு விடை வந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்தபின் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. நகை மதிப்புக்கு அது ஈடாகாமல் போகலாம். பீரோ அதையும் தராது.

கேமரா பற்றிய வாதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்று பெரும்பாலோர் நம்பிக்கை அதில்தான். சென்னையில் 2017க்குப் பின் காவல்துறை முன்னெடுத்த ‘மூன்றாவது கண்’ திட்டம், குற்றம் நடந்தபின் ஆளைக் கண்டுபிடிக்கக் கேமரா எவ்வளவு உதவும் என்பதைக் காட்டியது. தடுப்பதில் அதன் வலிமை அவ்வளவு இல்லை. நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பீட்டில் குற்றம் மொத்தத்தில் சுமார் 13 விழுக்காடுதான் குறைந்திருந்தது; யாராவது உட்கார்ந்து நேரலையாகப் பார்த்த இடங்களில் பலன் கூடுதல். நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெடிமருந்து கையாளும் இடம் என்பதால் பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக் கேமரா அனுப்பும் எச்சரிக்கை, வாசலில் ஒப்படைத்த பைக்குள் ஒலித்து அடங்கும். அதே எச்சரிக்கையை அடுத்த வீட்டார் போனுக்கும் எதிர்வீட்டார் போனுக்கும் போகும்படி வைத்தால்தான் கேமராவுக்குப் பொருள் வரும். அப்போதும் வேலை செய்வது அண்டை வீட்டாரே.

காவல் போலீஸ்காரர்கள் பொறுப்பல்லவா என்பது அடுத்த எதிர்வாதம். அவர்கள் பொறுப்புதான். ஊருக்குப் போகும்முன் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள், ரோந்தில் பார்க்கிறோம் என்று காவல்துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 112 எண்ணும், 2022இல் வந்த ‘காவல் உதவி’ செயலியும் இருக்கின்றன. இவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பது நம் குறை. ஆனால் ரோந்து வண்டி ஒரு தெருவில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். தண்டனையின் கடுமையும் இங்கே பெரிதாக உதவவில்லை. இரவில் வீட்டைப் பெயர்த்துத் திருடினால் 14 ஆண்டு வரை சிறை என்று 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது, அதற்கு முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டமும் சொன்னது. பிடிபடமாட்டோம் என்று நம்புகிறவனை ஆண்டுக் கணக்கு அச்சுறுத்தாது. போலீஸுக்குத் துணையாகப் பொதுமக்களைச் சேர்க்கும் முயற்சியும் தென்மாவட்டத்தில்தான் பிறந்தது. 1993இல் ராமநாதபுரத்தில் காவல்துறை அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபின் 2020 ஜூலையில் தடைசெய்யப்பட்டது. போலீஸின் நிழலில் அதிகாரம் பெறும் தொண்டர் படை நமக்கு வேண்டாம். வேண்டியது, அதிகாரம் எதுவுமில்லாத ஐந்தாறு வீடுகளின் உடன்பாடு.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறொன்று: கண்காணிப்பு சந்தேகமாக மாறும் என்பது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம், குலதெய்வக் கோயிலைத் தேடிவந்த குடும்பத்தைத் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்தார். பழைய துணி வாங்க வருகிறவர், குறி சொல்ல வருகிறவர், வடமாநிலத் தொழிலாளி என்று அந்நிய முகமெல்லாம் திருடன் முகமாகத் தெரியும் தெரு எவருக்கும் பாதுகாப்பானதல்ல. அதனால் பார்க்க வேண்டியது வீட்டை, ஆளை அல்ல. பூட்டிய வீட்டுக் கதவை யாராவது தொட்டால் வீட்டுக்காரருக்கும் 112க்கும் போன் செய்வது வரைதான் அண்டை வீட்டார் கடமை. துரத்துவதும் பிடிப்பதும் அடிப்பதும் இல்லை. தெரிந்தவரே திருடினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அண்டை வீட்டாரிடம் கொடுக்க வேண்டியது போன் நம்பரும் ஊர் திரும்பும் நாளும் மட்டும். சாவியோ நகைக் கணக்கோ அல்ல. ஒருவரை மட்டும் நம்புவதைவிட, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து பேரை நம்புவது மேல். சாதி வேறு, தெருவின் இரு பக்கம் வேறு என்று பிரிந்து கிடக்கும் இடங்களில் இது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர் வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்த தெருவில்தான் திருடன் நிம்மதியாக வேலை பார்க்கிறான்.

களவு நடந்துவிட்டால் உதவக்கூடிய ஓர் ஏற்பாட்டை இன்றே செய்துவைக்கலாம். ஒவ்வொரு நகையையும் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து, 2023 ஏப்ரல் முதல் விற்பனைக்குக் கட்டாயமான ஆறிலக்க ஹால்மார்க் அடையாளத்தையும் எழுதிவைக்க வேண்டும். உருக்கிவிட்டால் அடையாளம் போய்விடும். அடகுக்கடையிலிருந்து முழுதாக மீட்கப்பட்டால் அதுவே சான்று. மீட்ட பொருளை மாதக்கணக்கில் காவல் நிலையத்தில் முடக்கக் கூடாது, படமெடுத்துப் பதிவுசெய்து உறுதிப்பத்திரம் பெற்று உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போடும்போது இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம்.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலாளிகள் பாதுகாப்பு விதிக்குக் கட்டுப்பட்டுத் தங்கள் போனை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த வாசல் அலுவலகத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, அதன் எண்ணை ஒவ்வொரு தொழிலாளியிடமும் எழுதிக் கொடுங்கள். ஊரிலிருந்து அவர் அடுத்த வீட்டார் கூப்பிட்டால், எந்த ஷெட்டில் இருந்தாலும் அவரிடம் சேதி சொல்ல ஓர் ஆளை அனுப்புங்கள்.